கரையான்சாவடியின் ஒரே யுரேனியம் வியாபாரி

“இந்தச் சரக்கு டூப்புன்னு என் வாயால வராது மாமே. கழுத்துல கத்தி வெச்சாலும் வராது. டெல்லிலேர்ந்து மிலிட்டரி எறங்கினாலும் வராது.”

குமணன்சாவடி சந்திப்பில், பெங்களூர் பஸ்கள் முகத்தில் புகை விட்டுப் போகிற டீக்கடை வாசலில் நின்றுகொண்டு, திரு. ஏகாம்பரம் இவ்வாறு பிரகடனம் செய்தார். கேட்டவர்கள் இரண்டு பேர். ஒருவர் அவருடைய தொழில் பங்காளி பரந்தாமன். இன்னொருவர் டீ மாஸ்டர். டீ மாஸ்டர் இந்த மாதிரிப் பேச்சை ஒரு நாளைக்கு நாற்பது கேட்கிறவர் என்பதால் அவர் கை நிற்கவில்லை. பரந்தாமன் மட்டும் பக்தியோடு பன்னை டீயில் நனைத்தார்.

கரையான்சாவடியில் பிறந்து வளர்ந்து, உலக அணுசக்தி வணிகத்தைத் தன் கட்டிலடியில் வைத்து நடத்தியவர் என்ற முறையில் ஏகாம்பரத்தின் வாழ்க்கையைப் பதிவு செய்துவைப்பது அவசியமாகிறது. செய்யாவிட்டால் அவரே செய்துவிடுவார்.

அவருடைய அப்பா காலத்தில் குடும்பத்துக்கு இரண்டு ஏக்கர் கீரைத் தோட்டம் இருந்தது. ஏகாம்பரம் பொறுப்பு ஏற்ற மறுவருடம் அது ஐந்து மாடி அடுக்ககமாகிவிட்டது. அதற்குப் பிறகு அவர் வளர்த்தவை இரண்டு: ஒன்று தொப்பை, மற்றது மீசை. மனை புரோக்கராக இருந்தார். வேலப்பன்சாவடியில் இடம் பார்க்க வருகிறவர்களிடம், “பக்கத்துலயே மெட்ரோ வருது” என்று பதினைந்து வருடம் சொன்னார். மெட்ரோ உண்மையாகவே வரத் தொடங்கியதும் அந்தத் தொழிலில் அவருக்கு ருசி போய்விட்டது. நிஜமாகிவிட்ட பொருளை விற்பதில் அவருக்கு என்றைக்குமே ஆர்வம் இருந்ததில்லை.

அணுசக்தித் துறைக்குள் அவர் முதலில் நுழைந்தது ஏமாந்தவராகத்தான். 2011இல் வேலூர்ப் பக்கத்து ஆசாமி ஒருவர் அவருக்கு ஒரு பழைய செப்புச் சொம்பை விற்றார். இடி விழுந்து அதற்குள் இரிடியம் ஏறியிருக்கிறது, அரிசியைப் பக்கத்தில் வைத்தால் தானாக இழுக்கும், வெளிநாட்டான் ராக்கெட்டில் வைக்கக் கோடிக்கணக்கில் வாங்குவான் என்பது அதன் தல புராணம். ஏகாம்பரம் சொம்பை வீட்டுக்குக் கொண்டுவந்து, ஒரு கைப்பிடி பொன்னி அரிசியை எதிரே கொட்டி, மூன்று நாள் உட்கார்ந்து பார்த்தார். நாலாம் நாள் அவர் மனைவி வடிவு, “அரிசி வராது, எறும்புதான் வரும், எந்திரிய்யா” என்று கூட்டிப் பெருக்கிவிட்டாள்.

புகார் கொடுக்க வழி கேட்டுக்கொண்டு அவர் ஜேம்ஸ் வக்கீலிடம் போனார். நோட்டரி முத்திரையிலேயே வாழ்க்கையை நடத்திவந்த ஜேம்ஸ், கண்ணாடியைக் கழற்றித் துடைத்துவிட்டுச் சொன்னார்:

“குடுக்கலாம் ஏகாம்பரம். ஆனா என்னன்னு எழுதுவ? ‘கதிரியக்கப் பொருளைக் கடத்தி விக்கலாம்னு பார்த்தேன். பாவி, கதிரியக்கம் இல்லாத சொம்பைக் குடுத்து ஏமாத்திட்டான்’னா? அதைக் கையில வாங்கின உடனே அவனைத் தேடுறதுக்கு முன்னாடி உன்னை உள்ள வெச்சுடுவாங்க. அணுசக்திச் சட்டம் சும்மா இல்லப்பா.”

வேறு யாராக இருந்தாலும் தலையில் அடித்துக்கொண்டு வீட்டுக்குப் போயிருப்பார்கள். ஏகாம்பரத்துக்கோ அந்த நாற்காலியிலேயே ஞானம் கிடைத்தது. சட்டம் திருடனைப் பிடிப்பதற்காக இருக்கிறது என்று உலகம் நம்பிக்கொண்டிருந்தது. ஏமாந்தவனின் வாயைப் பூட்டுவதற்கும் அது மிகச் சிறப்பாகப் பயன்படும் என்று கண்டறிந்தவர் இவர். தான் ஏமாந்த பணத்துக்காக அழாமல், தன்னை ஏமாற்றியவனுக்குக் கிடைத்த பாதுகாப்பைப் பார்த்து அவர் பொறாமைப்பட்டார். பெரிய மனிதர்கள் இப்படித்தான் உருவாகிறார்கள்.

அடுத்த வாரமே தொழிலுக்கு முதலீடு போட்டார். 1962ஆம் வருட அணுசக்திச் சட்டம், 1967இன் சட்டவிரோத நடவடிக்கைகள் தடுப்புச் சட்டமான உபா, பேரழிவு ஆயுதங்களைத் தடுக்கிற 2005ஆம் வருடச் சட்டம், தேசியப் புலனாய்வு முகமையைக் கொண்டுவந்த 2008ஆம் வருடச் சட்டம் ஆகிய நான்கையும் ஜெராக்ஸ் கடையில் அச்செடுத்து, ஸ்பைரல் பைண்டிங் போட்டு, மேலே கண்ணாடித் தாள் வைத்தார். எல்லாம் ஆங்கிலம். அவருக்கு ஒரு வரி படிக்க வராது. ஜேம்ஸுக்குப் பிரியாணி வாங்கிக் கொடுத்து, ஆயுள் தண்டனை வருகிற இடத்தில் எல்லாம் மஞ்சள், ஜாமீன் கிடைக்காத இடத்தில் எல்லாம் பச்சை என்று மார்க்கர் பேனாவால் தீட்டி வாங்கிக்கொண்டார். வாங்க வருகிறவன் பச்சையைப் பார்த்ததும் வெளுக்க வேண்டும். வியாபாரம் அவ்வளவுதான்.

இனி யுரேனியம் என்று காட்ட ஒரு பொருள் வேண்டுமே. அதற்குத்தான் பரந்தாமன். அம்பத்தூர் எஸ்டேட்டில் ஒரு சிறிய லேத் பட்டறையில் முப்பது வருடம் கடைசல் வேலை செய்தவர், எட்டாவது வரை படித்தவர். பட்டறையில் கழிந்துபோன ஒரு டங்ஸ்டன் துண்டை அவர் லேத்தில் கொடுத்து உருளையாகக் கடைந்து, கண்ணாடி மாதிரி பாலீஷ் போட்டார். உள்ளங்கை அளவுதான். தூக்கினால் மூன்று கிலோ. இத்தனை சின்னப் பொருள் இத்தனை கனமாக இருப்பதைக் கண்டால் படித்தவனுக்குக்கூட மூளை நின்றுவிடும். படித்தவனுக்கு முதலில் நிற்கும்.

ஈயத் தகட்டில் ஒரு பெட்டி செய்தார்கள். குமணன்சாவடி ஸ்டிக்கர் கடையில் மஞ்சள் பின்னணியில் கறுப்பு மூவிதழ்ச் சின்னம் போட்டு ஒரு எச்சரிக்கை அடித்து ஒட்டினார்கள். வாசகம் ஏகாம்பரத்தின் சொந்தப் படைப்பு:

“எச்சரிக்கை. அணுசக்திச் சட்டம் 1962இன்படி உரிய அதிகாரியைத் தவிர எவரும் இதைத் திறக்கக் கூடாது. மீறித் திறப்பதால் ஏற்படும் முடி உதிர்தல், மலட்டுத்தன்மை, மரணம் ஆகியவற்றுக்கு நிர்வாகம் பொறுப்பல்ல.”

முடி உதிர்தலை முதலில் வைத்ததில் அவருடைய மனித இயல்பு பற்றிய ஞானம் தெரிகிறது.

இந்தப் பெட்டியைப் பன்னிரண்டு வருடத்தில் அவர் பதினோரு பேருக்கு விற்றார். ஒரே பெட்டியைத்தான். பொருளை யாருக்கும் கையில் கொடுப்பதில்லை. வாங்கியவரிடமிருந்து பல மடங்கு விலைக்கு எடுத்துக்கொள்ளப்போகிற சிங்கப்பூர் பார்ட்டி விமானம் ஏறும் வரை அது அவர் பொறுப்பில் இருக்கும். சிங்கப்பூர் பார்ட்டிக்கு இந்தப் பன்னிரண்டு வருடத்தில் வராத வியாதி கிடையாது. முதலில் ஏமாந்த பத்துப் பேரும் ஒரு வார்த்தை பேசவில்லை. நாடாளுமன்றம் கூடி, விவாதித்து, ஜனாதிபதி கையெழுத்துப் போட்ட நான்கு சட்டங்கள் கரையான்சாவடியில் சம்பளம் வாங்காமல் ஏகாம்பரத்துக்கு வாட்ச்மேன் வேலை பார்த்தன.

பதினோராவது ஆள் நிர்மல். சங்கரன்கோவில்காரர். வேலப்பன்சாவடியில் மூன்றாம் மாடியில் ஃப்ளாட் வாங்கி, கணினிக் கம்பெனியில் டீம் லீடாக இருந்தவர். பிரியாணி ஆர்டர் செய்வதற்கு முன் அரை மணி நேரம் விமர்சனம் படிக்கிற ஜாக்கிரதைக்காரர். யுரேனியம் வாங்க வந்த இடத்தில் அவர் கேட்டது ஒரே ஒரு கேள்விதான்.

“சார், இது ஒரிஜினல்தானா? தப்பா நினைச்சுக்கிடாதீங்க.”

ஏகாம்பரம் கோபிக்கவில்லை. நான்கு ஸ்பைரல் புத்தகத்தையும் மேசைமேல் ஒன்றன்மேல் ஒன்றாக அடுக்கினார்.

“தம்பி, படிச்ச புள்ள நீ. நீயே சொல்லு. கவர்மென்ட்டு இன்னா கேனையா? இல்லாத பொருளுக்கு நாலு சட்டம் போடுவானா? ஒடச்ச கடலைக்கு சட்டம் கீதா? கொத்தமல்லிக்குக் கீதா? இதுக்கு மட்டும் கீது. ஏன் கீது? பொருளு அசலு. அதான் கீது.”

நிர்மல் பச்சை தீட்டிய பக்கத்தைப் புரட்டினார். அவருக்கு ஆங்கிலம் நன்றாகத் தெரியும் என்பதுதான் பரிதாபம். ஒவ்வொரு தண்டனையையும் படிக்கப் படிக்க அவருக்குப் பொருளின்மேல் நம்பிக்கை வளர்ந்தது.

உள் அறையிலிருந்து பரந்தாமன் வந்தார். மழைக்கோட்டு, வெல்டிங் முகமூடி, முழங்கை வரை ரப்பர் கையுறை. கையில் எலக்ட்ரீஷியன் வைத்திருக்கிற ஒரு மல்டிமீட்டர். அதன் இரண்டு முனையையும் சேர்த்துப் பிடித்தால் ‘பீப்’ என்று கத்தும். பெட்டிப் பக்கம் போகும்போது சேர்த்துப் பிடித்தார். பீப் என்றது. நிர்மல் இரண்டடி பின்வாங்கினார். பெட்டியைக் கால் நிமிடம் திறந்து காட்டி மூடினார்கள்.

அப்போதுதான் நிர்மல் கண்ணில் அது பட்டது. உருளையின் நடுவில் சந்தனம், அதற்குமேல் குங்குமப் பொட்டு. முந்தைய வாரம் ஆயுத பூஜை. அம்பத்தூர் எஸ்டேட்டில் முப்பது வருடம் வேலை பார்த்தவர் கையில், அன்றைய தினம் அகப்படுகிற எந்த இரும்பும் பொட்டில்லாமல் தப்பாது. லேத், ஸ்பேனர், சைக்கிள், தண்ணி மோட்டார் என்று வரிசையாக வைத்துக்கொண்டே வந்த பரந்தாமன், அந்த வேகத்தில் யுரேனியத்துக்கும் வைத்துவிட்டார்.

“இது என்ன சார், குங்குமம்?”

பரந்தாமன் முகமூடிக்குள் விறைத்துப்போனார். ஏகாம்பரம் அசையவில்லை.

“பவர் உள்ள பொருளு தம்பி. மரியாதை இல்லாம தொட்டா இன்னா ஆவும்னு ஜப்பான்காரனைக் கேளு.”

நிர்மல் கைகூப்பினார். பொறியியல் படிப்பு நாட்டுக்கு என்ன செய்தது என்று கேட்கிறவர்கள் இந்தக் காட்சியை மனதில் வைத்துக்கொள்ளலாம். முன்பணம் மறுநாள் வந்தது.

ஒன்பது மாதத்தில் சிங்கப்பூர் பார்ட்டிக்கு இரண்டு முறை மஞ்சள் காமாலையும் ஒரு முறை விவாகரத்தும் ஆன பிறகு, நிர்மலுக்குச் சந்தேகம் தட்டியது. ஏகாம்பரத்தின் சித்தாந்தத்தில் ஒரே ஒரு ஓட்டை இருந்தது. முந்தைய பத்துப் பேருக்கும் அது தெரியவில்லை. வாங்க வந்தவனாகப் புகார் கொடுத்தால்தான் மாட்டிக்கொள்ள வேண்டும். தேசபக்தனாகப் புகார் கொடுத்தால் யாரும் பெயர்கூடக் கேட்கமாட்டார்கள். நிர்மல் ஒரு பொதுத் தொலைபேசியைத் தேடி அலைந்து, கிடைக்காமல், பக்கத்து ஃப்ளாட்டுக்குத் தச்சு வேலைக்கு வந்தவரின் போனை இரவல் வாங்கிக் கட்டுப்பாட்டு அறைக்குப் பேசினார்: “ஒரு பொறுப்புள்ள குடிமகன் பேசுதேன். கரையான்சாவடியில ஒருத்தன் கட்டிலுக்கு அடியில யுரேனியம் வச்சிருக்கான்.” போனை இரவல் கொடுத்த தச்சரை மூன்று நாள் விசாரித்தார்கள் என்பது தனிக் கதை.

2024 ஆகஸ்ட் மாதம், காலை பதினோரு மணிக்குத் தெருவின் இரண்டு முனையையும் அடைத்தார்கள். ஒரு சிறப்புப் பிரிவின் இன்ஸ்பெக்டர் சுதா தலைமையில் இருபது பேர், வெள்ளை உடுப்பில் நான்கு பேர், ஒரு நாய். வடிவு மத்தி மீன் கழுவிக்கொண்டிருந்தாள். நாய் நேராக மீனிடம் போனது. பெட்டியைக் கட்டிலடியில் கண்டெடுத்தார்கள். அரை மணி நேரத்தில் பரந்தாமனையும் பட்டறையிலிருந்து பிடித்து வந்தார்கள். பன்னிரண்டு மணிக்குத் தொலைக்காட்சியில் ‘பூந்தமல்லி அருகே அணுகுண்டு மூலப்பொருள், சர்வதேசக் கும்பல் தலைவன் கைது’ என்று ஓடியது. ஏகாம்பரத்தின் மனை புரோக்கர் விசிட்டிங் கார்டுப் படத்தைக் காட்டினார்கள். மீசை நன்றாக விழுந்திருந்தது.

விசாரணை அலுவலகத்தில் பெட்டியை ஒரு மேசைமேல் வைத்தார்கள். கதிர்வீச்சு அளக்கும் கருவியைக் காட்டினால் முள் அசையவில்லை. சுதா அதற்கும் விளக்கம் வைத்திருந்தார்: “ஈயப் பெட்டி. கதிர் வெளிய வராது. எவ்வளவு தெளிவா பேக் பண்ணியிருக்கான் பாரு.” திறந்துபார்க்கலாமே என்று யாரோ சொல்ல, எல்லோரும் ஸ்டிக்கரைப் படித்தார்கள். உரிய அதிகாரி யார் என்பதில் குழப்பம் வந்தது. முடி உதிர்தல் என்ற இடத்தில் இரண்டு ஏட்டுகள் தொப்பியைச் சரிசெய்துகொண்டார்கள். நிபுணர் நாளை மறுநாள்தான் வருவார் என்று பதில் வந்தது. மாலை ஐந்து மணிக்கு மாஜிஸ்திரேட்டு முன்னால் நிறுத்த வேண்டும். எந்தச் சட்டத்தில் என்று அதற்குள் எழுதியாக வேண்டும்.

மூன்று மணிக்கு ஜேம்ஸ் வந்தார். பெஞ்சில் பக்கத்தில் உட்கார்ந்து, குரலைத் தாழ்த்தி, ஏகாம்பரத்துக்கு நிலைமையை விளக்கினார்.

“கேட்டுக்கோ. அது அசல்னா அணுசக்திச் சட்டம், உபா, எல்லாம் சேர்த்துப் போடுவாங்க. சார்ஜ் ஷீட்டே இல்லாம நூத்தி எண்பது நாள் உள்ள வைக்கலாம். ஜாமீன் கிடைக்காது. நானே உனக்குப் பச்சை போட்டுக் குடுத்த பக்கம்தான். டூப்புன்னா வெறும் மோசடி. மூணு வாரத்துல வெளிய வந்துடலாம்.”

“நானூத்தி இருபதா?”

“அதுவும் போச்சு. போன மாசம் புதுச் சட்டம் வந்துடுச்சு. இப்ப முந்நூத்திப் பதினெட்டு.”

ஏகாம்பரத்துக்கு இது வலித்தது. நானூற்று இருபது என்றால் சினிமா பார்த்த குழந்தைக்கும் தெரியும். முந்நூற்றுப் பதினெட்டு, பஸ் நம்பர் மாதிரி இருந்தது.

“நீங்களே டூப்புன்னு சொல்லிடுங்க வக்கீல் சார்.”

“சொல்லிட்டேன். ‘எல்லா வக்கீலும் அப்படித்தான் சொல்லுவாங்க’ன்னுட்டாங்க. நீ சொல்லணும்.”

எதிர் பெஞ்சிலிருந்து பரந்தாமன் எட்டிப் பார்த்தார். “நான் லேத்துல கடைஞ்சதுன்னு தலப்பாடா அடிச்சுகினேன் அண்ணாத்தே. கேக்கல. அந்த மழைக்கோட்டு, மொகமூடி போட்ட போட்டோ உன் போன்ல இருந்துச்சாம். என்னைய சயின்டிஸ்ட்டுன்னு எழுதிகினாங்க.” கடைசி வாக்கியத்தில் வருத்தம் அவ்வளவாக இல்லை.

டூப்பு என்று சொல்ல ஏகாம்பரத்துக்கு மனம் வரவில்லை. காரணத்தை மறைப்பதில் பயனில்லை. அந்த நான்கு மணி நேரம் அவருக்குப் பிடித்திருந்தது. ஐம்பத்திரண்டு வருடத்தில் முதல் தடவையாக அவரைப் பார்த்து ஆட்கள் தள்ளி நின்றார்கள். தண்ணீர் கொடுத்த ஏட்டு, “சார், நீங்க எந்த நாட்டுக்குங்க சார் வேலை பாக்குறீங்க?” என்று மரியாதையாகக் கேட்டார். டூப்பு என்று சொன்ன மறுநிமிடம் அதெல்லாம் போய்விடும். அதோடு, பதினோரு பேரின் வாய்ப் பூட்டும் ஒரே நாளில் திறந்துகொள்ளும்.

நான்கு மணிக்கு வடிவு சாப்பாட்டுத் தூக்கோடு வந்தாள். கணவர் முகத்தைப் பார்த்தாள்.

“இன்னாயா, சிரிச்சுகினு கீற?”

“எங்க சிரிச்சேன்.”

“டிவில மூஞ்சி வந்துச்சுன்னு மெதப்பா? ஆறு மாசம் உள்ள போட்டா டிவிக்காரனா வந்து உனக்கு சோறு போடுவான்?” பிறகு அவள் சுதாவிடம் திரும்பினாள். “அம்மா, அந்தப் பொட்டி மேல ஏறி நின்னுதான்மா பன்னண்டு வருசமா பரண்ல பாத்திரம் எடுக்குறேன். என் முடியைப் பாரு, இடுப்பு வரைக்கும் கீது.”

சுதா அவள் முடியைப் பார்க்கவில்லை. அவருக்கும் இந்த வழக்கு தேவைப்பட்டது. பதினெட்டு வருடப் பணியில் செயின் பறிப்பும் குடிபோதைத் தகராறும் பார்த்துப் பார்த்துச் சலித்தவருக்கு, மாநிலத்தின் முதல் அணுக்கடத்தல் வழக்கு மேசைமேல் வந்து உட்கார்ந்திருந்தது. மேலதிகாரிகள் மாலை ஆறு மணிக்குப் பத்திரிகையாளர்களை வரச் சொல்லிவிட்டார்கள். அவர் ஸ்பைரல் புத்தகங்களை விரித்து வைத்துக்கொண்டு வடிவுக்குப் பதில் சொன்னார்:

“ஏமாத்துறவன் இதையெல்லாம் எதுக்கும்மா படிக்கப்போறான்? கலர் கலரா மார்க் பண்ணியிருக்கான். எந்தச் செக்‌ஷன்ல எத்தனை வருஷம்னு எனக்கே தெரியாது, உங்க வீட்டுக்காரருக்குத் தெரியுது. இது டிரெய்னிங் எடுத்த ஆளு.”

தன் கல்வியை ஒரு அரசு அதிகாரி பாராட்டியதை ஏகாம்பரம் வாழ்க்கையில் கேட்டது அந்த ஒரு முறைதான். அது அவரை நூற்று எண்பது நாளுக்கு உள்ளே அனுப்பப் போகிற பாராட்டு என்பது சற்றுத் தாமதமாகத்தான் உறைத்தது. நாலரை மணிக்கு வாசலில் வேன் வந்து நின்றது. உள்ளே கம்பி வலை போட்டிருந்தது. வழக்கு எழுதுகிற ரைட்டர் பேனாவைத் திறந்து, தாளின் மேலே ‘சட்டப்பிரிவுகள்’ என்று எழுதி, அடியில் கோடு போட்டார்.

ஏகாம்பரம் எழுந்தார். யாரிடமும் கேட்காமல் மேசையருகே போய், பெட்டியைச் சுற்றியிருந்த டேப்பை நகத்தால் பிரிக்க ஆரம்பித்தார்.

“ஏய், தொடாத” என்றார் சுதா, சுவரோரமாக நகர்ந்துகொண்டே. ஏட்டுகள் வாசற்படியைத் தாண்டிவிட்டார்கள். ரைட்டர் தாளைத் தூக்கி முகத்துக்கு முன் பிடித்தபடி அவர்கள் பின்னாலேயே போனார். காகிதம் கதிர்வீச்சைத் தடுக்கும் என்று அவர் எங்கேயும் படித்திருக்க நியாயமில்லை. வடிவு மட்டும் தூக்கைத் திறந்து சோற்றைக் கிளறி, ஆறிப்போச்சா என்று பார்த்தாள்.

ஏகாம்பரம் மூடியைத் திறந்தார். பஞ்சுக்கு நடுவிலிருந்து உருளையை வெறுங்கையால் எடுத்து, வேட்டியில் ஒரு தடவை துடைத்து, கன்னத்தில் வைத்துக்கொண்டார். வெயில் காலத்தில் மோர்த் தம்ளரை வைத்துக்கொள்கிற மாதிரி. அப்படியே கொஞ்ச நேரம் நின்றார். ஒன்றும் ஆகவில்லை. மீசையில் ஒரு முடிகூட உதிரவில்லை.

“டூப்பு மேடம்” என்றார், உருளைக்குள் பேசுகிற மாதிரி.

“என்ன சொன்ன?”

“டூப்பு. டங்ஸ்டன். அம்பத்தூர்ல லேத்துல குடுத்துக் கடைஞ்சது.”

சுதா சுவரை விட்டு வந்தார். உருளையை ஒரு விரலால் தொட்டார், பிறகு முழுக் கையால். கடிகாரத்தைப் பார்த்தார். ஆறு மணிக்கு வரப்போகிற பத்திரிகையாளர்களை நினைத்தது முகத்தில் தெரிந்தது.

வாசற்படிக்கு வெளியே போயிருந்த ரைட்டர் அங்கிருந்தே கேட்டார்: “யோவ், இங்க விழல. சத்தமா சொல்லு. இன்னான்னு எழுதணும்?”

சார் என்பது யோவ் ஆகிவிட்டதை ஏகாம்பரம் கவனித்தார். உருளையை மேசைமேல் வைத்தார்.

“டூப்புன்னு எழுதிக்கோங்க சார்.”

“அப்படில்லாம் எழுத முடியாது. போலின்னு எழுதிக்கவா?”

“போலின்னே எழுதிக்கோங்க” என்றார் ஏகாம்பரம்.